பொங்காவ் 1971: காலரா மூடாமல் விட்ட கதவு

1971 ஜூன் கடைசி வாரம். மேற்கு வங்காளத்தில், அப்போதைய கிழக்குப் பாகிஸ்தான் எல்லையை ஒட்டிய பொங்காவ் என்ற ஊரின் மருத்துவமனை. காலரா நோயாளிகளுக்கு ஒதுக்கிய இரண்டு அறைகளிலும் கட்டில் நிரம்பி, தரையும் நிரம்பிவிட்டது. ஒருவருக்கு சலைன் ஏற்ற வேண்டுமென்றால் வாந்திக்கும் பேதிக்கும் நடுவில் மண்டியிட்டுத்தான் ஏற்ற வேண்டும். இதையெல்லாம் பல வருடம் கழித்து ஒரு பேட்டியில் சொன்னவர், அன்று அங்கே பொறுப்பேற்றுப் போன திலீப் மஹாலனபிஸ். குழந்தை மருத்துவர், கல்கத்தாவில் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகம் நடத்திய ஆராய்ச்சி மையத்தில் வேலை பார்த்தவர். போய்ச் சேர்ந்த 48 மணி நேரத்திலேயே தோற்றுக்கொண்டிருக்கிறோம் என்பது அவருக்குப் புரிந்துவிட்டது. சலைன் பாட்டில் போதவில்லை, அவர் குழுவில் அதை ஏற்றத் தெரிந்தவர்களே இரண்டு பேர்தான்.

அதற்குப் பிறகு அவர் செய்ததை மருத்துவ வரலாற்றில் படித்திருப்பீர்கள்: உப்பும் குளுக்கோஸும் கலந்த தண்ணீரை வாய்வழியே குடிக்கக் கொடுத்தார், ஆயிரக்கணக்கானவர்கள் பிழைத்தார்கள். இந்த நிகழ்வை நான் சிறுகுடலின் பக்கத்திலிருந்து பார்க்க விரும்புகிறேன். ‘செரித்த உணவு சிறுகுடலில் உறிஞ்சப்படுகிறது’ என்று பள்ளியில் ஒரே வரியில் கடந்துவிட்டோமே, அந்த வரிக்குள் என்ன இருக்கிறது என்பதை இந்த நிகழ்வைப் போல வேறெதுவும் எனக்குப் புரியவைத்ததில்லை. ‘எது குடித்தாலும் அப்படியே போகிறது, குடித்து என்ன பயன்?’ என்று வயிற்றுப்போக்கு வந்த வீடுகளில் இன்றும் கேட்கிறார்களே, அதற்கான பதிலும் இதற்குள்தான் இருக்கிறது.

முகாம்

அந்த வருடம் மார்ச் 25 இரவு கிழக்குப் பாகிஸ்தானில் ராணுவ ஒடுக்குமுறை தொடங்கியது. அடுத்த சில மாதங்களில் ஏறக்குறைய 1 கோடி பேர் எல்லையைக் கடந்து இந்தியாவுக்குள் வந்தார்கள். பல நாள் நடந்து, பட்டினி கிடந்து, கையில் கிடைத்த தண்ணீரைக் குடித்து வந்தவர்கள். மழைக்காலமும் சேர்ந்துகொண்டது. சேறு, நெரிசல், கழிப்பிடம் இல்லாத முகாம்கள். காலரா பரவ வேறென்ன வேண்டும்? முகாம்களில் காலரா வந்தவர்களில் 30 சதவீதம் வரை இறந்துகொண்டிருந்தார்கள்.

காலராவில் ஆள் எப்படிச் சாகிறார் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். கிருமி ரத்தத்துக்குள் போவதில்லை, எந்த உறுப்பையும் தின்பதில்லை. தண்ணீரும் உப்பும் வெளியே போகின்றன, அவ்வளவுதான். ஆனால் போகிற வேகம் பயங்கரமானது. கடுமையான நோயில் ஒரு மணி நேரத்துக்கு 1 லிட்டர் வரை போகும். மலத்தின் நிறமும் நாற்றமும் மாறி, அரிசி களைந்த கழுநீர் மாதிரியே ஆகிவிடும். 60 கிலோ எடையுள்ள ஒருவருக்கு 6 லிட்டர் போனாலே கண் குழி விழுந்து, தோல் சுருங்கி, நாடி பிடிபடாமல் போய்விடும். காலையில் நன்றாக இருந்தவர் சாயங்காலம் இல்லை என்று நம் ஊர்ப் பாட்டிகள் வாந்திபேதிக் காலத்தைப் பற்றிச் சொல்வதில் மிகை எதுவும் கிடையாது.

மருந்து தெரியாமலில்லை. போன தண்ணீரையும் உப்பையும் திரும்பக் கொடுத்தால் ஆள் பிழைப்பார். இரத்தக்குழாய் வழியாகக் கொடுத்தால் நிச்சயம் பிழைப்பார். ஆனால் ஒரே நோயாளிக்குப் பல லிட்டர் வேண்டும். ஒவ்வொரு லிட்டரும் கிருமி நீக்கிய கண்ணாடிப் பாட்டிலில் வர வேண்டும், ஊசி வேண்டும், குழாய் வேண்டும், வற்றிப்போன கையில் இரத்தக்குழாயைக் கண்டுபிடிக்கத் தெரிந்த ஆள் வேண்டும். பொங்காவில் இவை எதுவும் தேவைக்கு இல்லை.

குடல் சுவரில் என்ன நடக்கிறது

நோய் இல்லாத ஒரு நாளை எடுத்துக்கொள்வோம். நாம் குடிப்பதும் சாப்பாட்டில் வருவதுமாகச் சுமார் 2 லிட்டர் தண்ணீர் உள்ளே போகிறது. உமிழ்நீர், இரைப்பைநீர், பித்தநீர், கணையநீர், குடலின் சொந்தச் சுரப்பு என்று உடம்பே இன்னும் 7 லிட்டர் வரை ஊற்றுகிறது. மொத்தம் 8, 9 லிட்டர். இதில் பெரும்பகுதியைச் சிறுகுடல் திரும்ப எடுத்துக்கொண்டு, ஒன்று, ஒன்றரை லிட்டரைத்தான் பெருங்குடலுக்குத் தள்ளுகிறது, மலத்தில் வெளியேறுவது 100, 200 மில்லிதான். அதாவது ஆரோக்கியமான குடலிலும் தினமும் ஒரு வெள்ளம் வருகிறது, அந்த வெள்ளம் வடிகிறது. நமக்குத் தெரிவதில்லை.

இவ்வளவையும் வாங்கிக்கொள்ளக் குடல் தன் உட்சுவரை மடித்து மடித்து வைத்திருக்கிறது. முதலில் கண்ணுக்குத் தெரியும் மடிப்புகள். மடிப்புகளின் மேல், பூத்துவாலையில் நூல் நூலாக நிற்குமே அப்படி, குடலுறிஞ்சிகள். ஒவ்வொன்றும் ஒரு மில்லிமீட்டர் இருந்தாலே அதிகம். அவற்றைப் போர்த்தியிருக்கும் ஒவ்வொரு செல்லின் தலையிலும் இன்னும் நுணுக்கமான நீட்சிகள், மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு உயரம். சிறுகுடலை விரித்தால் டென்னிஸ் மைதானம் அளவு வரும் என்று பல வருடமாகச் சொல்லி வந்தார்கள், நானும் அப்படித்தான் படித்தேன். 2014இல் ஸ்வீடன் ஆய்வாளர்கள் மறுபடி அளந்து பார்த்துவிட்டு, சுமார் 30 சதுர மீட்டர்தான் என்றார்கள். நம் கணக்கில் 320 சதுர அடி. மைதானமோ ஹாலோ, வேலை அதே வேலைதான்.

ஒவ்வொரு உறிஞ்சிக்குள்ளும் மெல்லிய இரத்தக் குழாய்களும் நடுவில் ஒரு நிணநீர்க் குழாயும் உண்டு. குளுக்கோஸ், அமினோ அமிலம், உப்புகள் இவை இரத்தத்துக்குப் போய் முதலில் கல்லீரலைச் சேர்கின்றன. கொழுப்பு தனி ரகம். பித்தத்தில் கரைந்து செல்லுக்குள் வந்து, மறுபடி கொழுப்பாகச் சேர்ந்து, நிணநீர் வழியாகச் சுற்றிக்கொண்டு இரத்தத்தை அடைகிறது. இரும்பு பெரும்பாலும் குடலின் முதல் பகுதியில், வைட்டமின் பி12 கடைசிப் பகுதியில். இவையெல்லாம் தனித்தனிக் கதைகள். பொங்காவைப் புரிந்துகொள்ள ஒரே ஒரு கதவு போதும், அது குளுக்கோஸ் உள்ளே போகும் கதவு.

சோற்றில் இருக்கும் மாவுச்சத்து ஒரு நீளமான சங்கிலி. உமிழ்நீரும் கணையநீரும் அதைத் துண்டு துண்டாக்குகின்றன. கடைசி வெட்டு நடப்பது குடல் செல்லின் தலையிலேயே. அங்கே பதிந்திருக்கும் நொதிகள் ஒற்றைக் குளுக்கோஸாக வெட்டிப் போட்ட இடத்துக்குப் பக்கத்திலேயே ஒரு புரதம் காத்திருக்கிறது. அதன் பெயர் எஸ்ஜிஎல்டி1. ஷேர் ஆட்டோவில் ஆள் சேராமல் வண்டி எடுக்க மாட்டார்கள் இல்லையா, அதே மாதிரி இரண்டு சோடியமும் ஒரு குளுக்கோஸும் ஏறினால்தான் இந்தப் புரதம் உள்பக்கம் திரும்பும். குளுக்கோஸ் மட்டும் வந்தால் போகாது, சோடியம் மட்டும் வந்தாலும் இந்த வழியில் போகாது.

வண்டி ஓட சக்தி எங்கிருந்து வருகிறது? செல்லின் அடிப்பக்கத்தில் இன்னொரு புரதம் இடைவிடாமல் சோடியத்தை வெளியே இறைத்துக்கொண்டிருக்கிறது, மூன்று சோடியத்தை வெளியே தள்ளி இரண்டு பொட்டாசியத்தை உள்ளே எடுக்கும் பம்ப் அது. (அதைக் கண்டறிந்த டென்மார்க்கின் யென்ஸ் ஸ்கூவுக்கு 1997இல் நோபல் பரிசு கிடைத்தது.) அது இறைத்துக்கொண்டே இருப்பதால் செல்லுக்குள் சோடியம் குறைவாகவே இருக்கிறது, அதனால் வெளியே நிற்கும் சோடியம் உள்ளே வரத் துடிக்கிறது, அந்தத் துடிப்பில் குளுக்கோஸையும் இழுத்துக்கொண்டு வருகிறது. உள்ளே வந்த குளுக்கோஸ் அடிப்பக்கத்து வேறொரு கதவு வழியாக இரத்தத்துக்குப் போய்விடும். சோடியத்தைப் பம்ப் வெளியே இறைத்துச் செல்களுக்கு இடையிலான சந்தில் குவிக்கும்.

அடுத்தது தண்ணீர். தண்ணீரை இறைக்கும் பம்ப் குடலில் கிடையாது. உப்பு எந்தப் பக்கம் சேர்கிறதோ அந்தப் பக்கம் தண்ணீர் போகும். நறுக்கிய மாங்காயில் உப்பைப் பிசிறி வைத்தால் ஒரு மணி நேரத்தில் ஜாடியின் அடியில் தண்ணீர் நிற்கிறதே, அதே விதி. சோடியமும் குளுக்கோஸும் சுவரின் உள்பக்கம் சேரச் சேர, குடலில் இருக்கும் தண்ணீர் அவற்றின் பின்னாலேயே வருகிறது. இந்த மாங்காயை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் இரண்டு முறை தேவைப்படும்.

காலரா எதைக் கெடுக்கிறது, எதை விட்டுவிடுகிறது

உறிஞ்சிகளுக்கு இடையே, அவற்றின் காலடியில் சின்னச் சின்னக் குழிகள் இருக்கின்றன. உறிஞ்சியின் மேல்பகுதி எடுத்துக்கொள்ளும் இடம், அடிக் குழி சுரக்கும் இடம். காலராக் கிருமி விடும் நச்சு செல்லுக்குள் ஒரு சுவிட்சைப் போட்டுவிட்டு அணைக்க முடியாதபடி ஒட்டவைத்துவிடுகிறது. விளைவாகக் குழிகளிலிருந்து குளோரைடு கொட்டுகிறது, பின்னால் சோடியமும் தண்ணீரும் கொட்டுகின்றன. மேலே, உப்பு சாதாரணமாக உள்ளே போகும் இன்னொரு வழியும் அடைபடுகிறது. வரவு குறைந்து செலவு கட்டுக்கடங்காமல் போன வீடு மாதிரிதான்.

ஆனால் எஸ்ஜிஎல்டி1 கதவை அந்த நச்சு தொடுவதில்லை. அவ்வளவு வெள்ளம் போய்க்கொண்டிருக்கும் நேரத்திலும் இரண்டு சோடியம், ஒரு குளுக்கோஸ் என்று வந்து நின்றால் அந்த வண்டி கிளம்புகிறது, தண்ணீர் அதன் பின்னால் போகிறது. எனக்கு இந்த முழுக் கதையிலும் மனதைத் தொட்ட இடம் இதுதான். நோயாளியின் வயிறு கைவிட்டுவிட்டது போலத் தெரிகிறது, பார்க்கிற தாய்க்கு அப்படித்தான் தெரியும், ஆனால் உள்ளே அந்தச் சுவர் வேலையை நிறுத்தவே இல்லை.

இது ஒரே நாளில் தெரிந்துவிடவில்லை. காலராவில் குடலின் உட்சுவரே உரிந்து போய்விடுகிறது என்றுதான் நூறு வருடத்துக்கு மேலாக நம்பினார்கள், இறந்தவர்களின் உடலைத் திறந்து பார்த்ததால் வந்த நம்பிக்கை. உரிந்த குடலுக்கு வாய்வழியே எதைக் கொடுத்து என்ன? 1960 வாக்கில் பாங்காக்கில் உயிரோடிருக்கும் நோயாளிகளின் குடலிலிருந்து சிறு துணுக்கெடுத்துப் பார்த்தபோது சுவர் முழுசாக இருந்தது. அதற்குச் சற்று முன்பு, 1959இல், கல்கத்தாவில் சம்பு நாத் தே முயலின் குடலை இடையிடையே கட்டிவைத்து, கிருமிகளை வடிகட்டி நீக்கிய திரவத்தை உள்ளே செலுத்திப் பார்த்தார். கிருமி இல்லாமலேயே குடலில் தண்ணீர் சேர்ந்தது, ஆக வேலை செய்வது நச்சு என்று நிரூபணமாயிற்று. 1960 ஆகஸ்டில் பிராக் நகரில் நடந்த ஒரு கூட்டத்தில் ராபர்ட் கிரேன் என்ற அமெரிக்க உயிர்வேதியியலாளர், குளுக்கோஸும் சோடியமும் ஒன்றாகத்தான் உள்ளே போகின்றன என்ற கருத்தை முதலில் முன்வைத்தார். அவர் காலராவுக்கு மருந்து தேடவில்லை, குடல் சர்க்கரையை எப்படி எடுத்துக்கொள்கிறது என்று மட்டும்தான் தேடினார்.

இவர்கள் எல்லோருக்கும் முன்பே, 1953இல், கல்கத்தாவில் ஹேமேந்திர நாத் சாட்டர்ஜி, மிதமான காலரா வந்த 186 பேருக்கு உப்பும் குளுக்கோஸும் கலந்த தண்ணீர் கொடுத்துத் தேற்றியதை லான்செட் மருத்துவ இதழில் எழுதியிருந்தார். வயிற்றுப்போக்குக்கு அவர் சேர்த்துக் கொடுத்தது கற்பூரவல்லி இலைச் சாறு! நம் வீட்டுத் தொட்டியில் இருக்கும் அதே செடி. அவருடைய வேலையை உலகம் கண்டுகொள்ளவில்லை. ஒப்பிட்டுப் பார்க்க மருந்து தராத குழு இல்லை, எவ்வளவு போனது, எவ்வளவு உள்ளே சேர்ந்தது என்ற அளவீடு இல்லை, ஏன் வேலை செய்கிறது என்ற விளக்கமும் அப்போது யாரிடமும் இல்லை. இந்தக் குறைகள் உண்மைதான். இருந்தாலும் 15 வருடம் வீணானதே என்ற வருத்தம் எனக்குப் போகவில்லை.

1962இல் மணிலாவில் அமெரிக்கக் கடற்படை மருத்துவர் ராபர்ட் பிலிப்ஸின் குழு, குளுக்கோஸ் சேர்த்தால் காலரா நோயாளியின் குடல் சோடியத்தை எடுத்துக்கொள்கிறது என்று கண்டது. ஆனால் அவர்கள் கலந்த கரைசல் அடர்த்தி மிகுந்தது, நோயாளிகள் சிலர் இறந்தார்கள், வாய்வழி மருத்துவம் என்றாலே தயங்கும் நிலை வந்தது. கதவு தெரிந்தால் மட்டும் போதாது, அளவும் தெரிய வேண்டும் என்பதற்குக் கொடுத்த விலை அது. 1968இல் டாக்காவில் டேவிட் நாலினும் ரிச்சர்ட் கேஷும் அதைச் சரியாகச் செய்தார்கள். நோயாளியிடமிருந்து எவ்வளவு வெளியேறுகிறதோ அதை அளந்து, அதற்கு ஈடாகக் குடிக்க வைத்தார்கள். சலைன் தேவை 80 சதவீதம் குறைந்தது. அதே காலத்தில் கல்கத்தா மையத்திலும் இதே வழியில் ஆய்வு நடந்துகொண்டிருந்தது. மஹாலனபிஸ் அந்த மையத்து ஆள்.

பிளாஸ்டிக் பை, டிரம், குவளை

ஆக 1971இல் அறிவு இருந்தது. ஆனால் எல்லாம் ஆராய்ச்சி வார்டில், நல்ல செவிலியர்கள் பக்கத்திலிருந்து மணிக்கொருமுறை அளந்து எழுதிய நிலையில் வந்த அறிவு. அகதி முகாமில், படிக்காதவர்கள் கையில், அளவுகோல் எதுவும் இல்லாமல் இது பலிக்குமா என்று யாருக்கும் தெரியாது. மஹாலனபிஸ் முயற்சி செய்து பார்ப்பது என்று முடிவெடுத்தார். வேறு வழியும் இல்லை.

1 லிட்டருக்கு 22 கிராம் குளுக்கோஸ், 3.5 கிராம் சமையல் உப்பு, 2.5 கிராம் சமையல் சோடா. மூன்றும் கடையில் கிடைப்பவை. கல்கத்தா மையத்தின் நூலக அறையில் உட்கார்ந்து எடைபோட்டு, பிளாஸ்டிக் பையில் கொட்டி, சூடான இரும்பால் வாயை ஒட்டி பொங்காவுக்கு அனுப்பினார்கள். பொட்டாசியத்தைச் சேர்க்கவில்லை, ஆள் அனுபவம் இல்லாமல் கலக்கும்போது ஆபத்தில்லாத கலவையாக, எளிமையாக இருக்க வேண்டுமே.

இந்த எண்களை ஒருமுறை கணக்குப் போட்டுப் பாருங்கள், நான் போட்டுப் பார்த்து அசந்துபோனேன். உப்பும் சோடாவும் சேர்ந்து லிட்டருக்கு 90 மில்லிமோல் (துகள்களை எண்ணும் அலகு) சோடியம், அதோடு ஜோடியாக வரும் குளோரைடும் பைகார்பனேட்டும் சேர்ந்து இன்னொரு 90, குளுக்கோஸ் 111. கரைந்திருக்கும் எல்லாத் துகள்களையும் கூட்டினால் 291 வருகிறது. நம் இரத்தத்தின் அளவும் ஏறக்குறைய அதுவே. மாங்காயை இப்போது நினைத்துக்கொள்ளுங்கள். கரைசல் இரத்தத்தைவிட அடர்த்தியாக இருந்தால் குடலே மாங்காயாகி, இரத்தத்திலிருந்து தண்ணீரை வெளியே விட்டுவிடும். இரத்தத்துக்குச் சமமாக இருந்தால் எந்தப் பக்கமும் இழுப்பு இல்லை. எஸ்ஜிஎல்டி1 ஓடத் தொடங்கியதும் தராசு உள்பக்கம் சாய்கிறது, தண்ணீர் உடம்புக்குள் வருகிறது.

குழாய் வைத்த டிரம்களில் கரைசலைக் கலந்து வைத்தார்கள். நோயாளியின் சொந்தக்காரர்கள் குவளையைக் கொண்டுவந்து பிடித்துக்கொண்டு போய் ஊட்டினார்கள். நாடியே பிடிபடாத நிலையில் வந்தவர்களுக்கு முதலில் இருக்கிற சலைனை ஏற்றி, கொஞ்சம் தேறியதும் குவளைக்கு மாற்றினார்கள். மற்றவர்களுக்கு ஆரம்பத்திலிருந்தே குவளைதான். அதாவது மருத்துவத்தைச் செய்தது தாயும் அண்ணனும் மனைவியும். மருத்துவர்களின் வேலை கலந்து வைப்பதும், யாருக்கு ஊசி தேவை என்று பிரித்துப் பார்ப்பதும், குடிக்கச் சொல்லிக்கொண்டே இருப்பதும்தான்.

முதலில் ஊழியர்களே நம்பவில்லை. பாட்டிலில் தொங்கி ஊசி வழியாகப் போனால்தான் வைத்தியம், வாயில் குடிப்பது ஏதோ கிடைக்காததற்கு மாற்று என்ற எண்ணம். அதனால் அதற்கு ‘ஓரல் சலைன்’ என்று பெயர் சொல்லிக் கொடுத்தார்கள், அதே சலைன்தான், வாய்வழியாக என்று. அந்தப் பெயர் நின்றுவிட்டது. வங்கதேசத்தில் இன்றைக்கும் ‘ஓர்சலைன்’ என்றால் குழந்தைக்கும் தெரியும்.

ஏறக்குறைய இரண்டு மாதம், 3,700க்கும் மேற்பட்ட நோயாளிகள், இறப்பு 3.6 சதவீதம்.

இந்த எண் எதை நிரூபிக்கிறது

30 எங்கே, 3.6 எங்கே என்று பூரித்துப்போவதற்கு முன்னால் ஒன்றை நேர்மையாகச் சொல்ல வேண்டும். பொங்காவில் ஒப்பீட்டுக் குழு இல்லை. வைத்தியம் கொடுக்காமல் ஒரு பாதியை விட்டுப் பார்ப்பது அங்கே நினைத்துக்கூடப் பார்க்க முடியாத விஷயம். வந்தவர்களில் லேசான நோய் உள்ளவர்களும் இருந்திருப்பார்கள், எல்லாருக்கும் மலப் பரிசோதனை செய்து காலராதான் என்று உறுதிசெய்யும் வசதியும் இல்லை. ஆகவே வெறும் எண்ணை மட்டும் வைத்து யாராவது சந்தேகப்பட்டால் அதில் தப்பில்லை, அன்றைய மருத்துவ உலகமும் தயங்கத்தான் செய்தது. கட்டுரை 1973இல்தான் அச்சில் வந்தது.

ஆனால் இந்த எண் தனியாக நிற்கவில்லை. குடல் செல்லில் கிரேன் கண்ட வழியும், டாக்காவில் அளந்து எழுதிய வார்டு ஆய்வும் ஏற்கெனவே பக்கத்தில் இருந்தன. வார்டில் வேலை செய்யும் என்று தெரிந்த ஒன்று, சேற்றிலும் நெரிசலிலும், மருத்துவம் படிக்காதவர்கள் கையிலும் வேலை செய்யும் என்பதுதான் பொங்காவ் புதிதாகக் காட்டியது. முகாமுக்கே வந்து பார்த்த உலக சுகாதார நிறுவனத்தின் தீமன் பருவா இதைப் புரிந்துகொண்டு பரிந்து பேசினார். 1978இல் அந்த நிறுவனம் வயிற்றுப்போக்கு நோய்களுக்கென்று தனித் திட்டமே தொடங்கியது. அதே வருடம் லான்செட் தலையங்கம் ஒன்று, சோடியமும் குளுக்கோஸும் குடலில் இணைந்து போகின்றன என்ற கண்டுபிடிப்பு இருபதாம் நூற்றாண்டின் மிக முக்கியமான மருத்துவ முன்னேற்றமாக இருக்கலாம் என்று எழுதியது.

வங்கதேசத்தில் பிராக் என்ற தொண்டு நிறுவனம் 1980 முதல் பத்து வருடத்தில் சுமார் 1.2 கோடி வீடுகளுக்கு நேரில் போய், விரல் நுனியில் ஒரு சிட்டிகை உப்பு, ஒரு கைப்பிடி வெல்லம், அரை சேர் தண்ணீர் என்று தாய்மார்களுக்குக் கலக்கச் சொல்லிக் கொடுத்தது. சொல்லிக்கொடுத்த பெண்களுக்குச் சம்பளம் எத்தனை வீட்டுக்குப் போனார்கள் என்பதை வைத்து இல்லை, பிற்பாடு கேட்கும்போது தாய்மார்கள் எவ்வளவு நினைவில் வைத்திருந்தார்கள் என்பதை வைத்து. இப்படி ஒரு ஏற்பாட்டை யோசித்தவர்களை நினைத்தாலே மரியாதை வருகிறது.

கலவையும் மாறிக்கொண்டே வந்தது. 1975இல் உலகத்துக்குப் பொதுவாக வகுத்த கரைசலில் பொட்டாசியம் சேர்ந்து மொத்தத் துகள் அளவு 300ஐத் தாண்டியது. 2002இல் அதை 245க்குக் குறைத்தார்கள், சோடியம் 75, குளுக்கோஸ் 75. இரத்தத்தைவிடக் கொஞ்சம் நீர்த்திருந்தால் தண்ணீர் இன்னும் சுலபமாக உள்ளே போகிறது, குழந்தைகளுக்கு வாந்தி குறைகிறது, சலைன் ஏற்ற வேண்டிய தேவையும் குறைகிறது.

ஒரு குறை மட்டும் தீரவில்லை. இந்தக் கரைசல் உயிரைக் காக்கும், பேதியை நிறுத்தாது. குழிகளில் சுரப்பது சுரந்துகொண்டேதான் இருக்கும், நச்சுப் பட்ட செல்கள் உதிர்ந்து புதுச் செல்கள் வரும் வரை. (குடல் செல்லுக்கு ஆயுசே மூன்று முதல் ஐந்து நாள்தான்.) தாய் பார்ப்பது துணியை, குழந்தையின் இரத்த ஓட்டத்தை இல்லை. போவது நிற்கவில்லையே என்று அவர் நம்பிக்கை இழப்பதில் ஆச்சரியமில்லை. இங்கேதான் நம் வேலூர் வருகிறது. கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் பி.எஸ். ராமகிருஷ்ணா குழுவினர் காலரா வந்த 48 பேரிடம் செய்த ஆய்வு 2000இல் வெளிவந்தது. சிறுகுடலில் செரிக்காத ஒருவகை மாவுச்சத்தைக் கரைசலில் சேர்த்துக் கொடுத்தார்கள். அது பெருங்குடல் வரை போய், அங்கே இருக்கும் நல்ல பாக்டீரியாக்கள் அதை நொதிக்கவைத்துச் சிறிய கொழுப்பு அமிலங்களாக்க, அவற்றை உறிஞ்சும்போது பெருங்குடலும் சோடியத்தையும் தண்ணீரையும் சேர்த்து எடுத்துக்கொள்கிறது. வயிற்றுப்போக்கு சீக்கிரம் நின்றது. சிறுகுடல் தவறவிட்டதைப் பெருங்குடலை வைத்து மீட்ட வேலை அது.

காலராவில் அரிசிக் கஞ்சியில் செய்த கரைசலும் பேதியின் அளவைக் குறைக்கிறது. காரணம் மறுபடியும் மாங்காய்தான். நூற்றுக்கணக்கான குளுக்கோஸ் சேர்ந்த ஒரு மாவுச்சத்துச் சங்கிலி கரைசலில் ஒரே துகளாகத்தான் கணக்கு, அதனால் தண்ணீரை வெளியே இழுக்காது. சுவரருகே போய் வெட்டுப்பட்டுக் குளுக்கோஸாகும், ஆன உடனேயே வண்டியில் ஏறிவிடும். உப்புப் போட்ட கஞ்சியைக் கையில் வைத்துக்கொண்டு ‘லங்கணம் பரம ஔஷதம்’ என்று குழந்தையைப் பட்டினி போடுவதை நினைத்தால் வேதனையாக இருக்கிறது. குடல் செல்கள் குடலுக்குள் வரும் உணவிலிருந்தே தங்களுக்கு வேண்டியதில் பெரும்பங்கை எடுத்துக்கொள்கின்றன, பட்டினி போட்டால் உறிஞ்சிகள் குட்டையாகும். ரோட்டா வைரஸ் மாதிரி உறிஞ்சிகளின் நுனியைச் சேதப்படுத்தும் கிருமிகளில்கூட சுவர் முழுவதும் போய்விடுவதில்லை, மீதி இருக்கும் இடத்தில் அதே கதவு திறந்திருக்கும். தாய்ப்பால் குடிக்கும் குழந்தைக்குத் தாய்ப்பாலை நிறுத்தக் கூடாது, சாப்பிடும் குழந்தைக்குச் சாப்பாட்டையும்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். 1 லிட்டருக்கான ஓஆர்எஸ் (இதே வாய்வழிக் கரைசலுக்கான பொடி) பாக்கெட்டை ஒரு டம்ளரில் கொட்டிக் கலக்கிக் கொடுப்பதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். குழந்தை ஒரு லிட்டர் எங்கே குடிக்கப்போகிறது, மருந்து முழுசாகப் போகட்டும் என்ற பாசத்தில் செய்வது. ஆனால் மணிலாவில் நடந்த தவறு இதே ரகம்தான். அடர்த்தி கூடினால் குடல் தண்ணீரை எடுத்துக்கொள்ளாது, விட்டுவிடும். இனிப்புக் குளிர்பானமும் டப்பா ஜூஸும் ஆகாது என்பதற்கும் அதுவே காரணம், சர்க்கரை அதிகம், உப்பு இல்லை. பாக்கெட்டில் எழுதிய அளவு சுத்தமான தண்ணீரை அளந்து ஊற்றி, முழுப் பாக்கெட்டையும் போட்டு, 24 மணி நேரத்துக்குப் பிறகு மிச்சத்தைக் கொட்டிவிட்டுப் புதிதாகக் கலக்க வேண்டும். பாக்கெட் கிடைக்காவிட்டால் 1 லிட்டருக்கு ஆறு டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு, இரண்டும் தலைதட்டி.

ஒவ்வொரு முறை பேதியான பிறகும் இரண்டு வயதுக்குக் கீழ் உள்ள குழந்தைக்கு 50 முதல் 100 மில்லி, அதற்கு மேல் உள்ள குழந்தைக்கு 100 முதல் 200 மில்லி. வாந்தி எடுத்தால் பத்து நிமிடம் பொறுத்து, மறுபடி ஸ்பூன் ஸ்பூனாக. குடிக்கவே முடியவில்லை, துவண்டுபோய்க் கண் சொருகுகிறது, பல மணி நேரமாகச் சிறுநீர் இல்லை, மலத்தில் ரத்தம் என்றால் காத்திருக்காமல் மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு போய்விடுங்கள். பொங்காவிலும் அப்படி வந்தவர்களுக்கு முதலில் சலைன் ஏற்றிவிட்டுத்தான் குவளையைக் கையில் கொடுத்தார்கள்.